இரட்டை டிஸ்க் கிளட்ச்: ஃப்ரீ பிளே மட்டும் பார்த்தால் பத்தாதுங்க

கிளட்சை முழுசாக மிதித்துப் பிடித்தும் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், வீட்டில் வேலை பார்ப்பவர்கள் முதலில் கை வைப்பது மிதியின் ஃப்ரீ பிளேயில்தான், அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் மிதி சும்மா அமுங்கும் தூரத்தில். ஒற்றை டிஸ்க் வண்டிக்குப் பெரும்பாலும் அது போதும். கோவை பக்கம் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டவோ, பவர் கூட்டிய இன்ஜினுக்காகவோ இரட்டை டிஸ்க் மாட்டிய காருக்கு அது பாதி வேலைதான்.

இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல், ஒரு டிஸ்க், நடுத்தட்டு, இன்னொரு டிஸ்க், எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் என்று வரிசையாக இருப்பதால் உராயும் முகங்கள் மொத்தம் நான்கு. பிரஷர் பிளேட் விலகும் தூரத்தை அந்த நான்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு குறைந்தால் ஏதாவது ஒரு டிஸ்க் ஒட்டிக்கொண்டு இழுக்கும், கியர் கரகரக்கும். சரி, மிதி தரை தொடும்வரை அமுங்கட்டும் என்று விட்டால் பிரஷர் பிளேட்டை விலக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் அளவுக்கு மேல் வளைந்து கெட்டுப்போகும். அதனால் மிதி எங்கே தொடங்குகிறது என்பதோடு எங்கே நிற்கிறது என்பதையும் செட் பண்ணணும்.

ஸ்பேனர் எடுக்கும் முன் கிளட்ச் ஆயில் அளவு, லைனில் காற்று, மிதி புஷ் தேய்மானம் மூன்றையும் பாருங்கள். நாலைந்து முறை வேகமாகப் பம்ப் அடித்ததும் கியர் சுலபமாக விழுந்தால் பெரும்பாலும் லைனில் காற்று இருக்கிறது. முதலில் பிளீட் செய்து காற்றை வெளியேற்றுங்கள். ஊற்ற வேண்டியது ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயில்தான். வேறு ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிவிடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடு, அதாவது மிதியை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்தும் கம்பி. லாக் நட்டைத் தளர்த்தி, ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். இதை இறுக்கி வைப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தப்பு. பிஸ்டன் முழுசாகத் திரும்பாமல் ஆயில் திரும்பும் துளை அடைபடும். சூடேறி விரியும் ஆயில் லைனுக்குள்ளேயே சிக்கி, மிதிக்காமலேயே கிளட்சைத் தள்ளும். கிளட்ச் ஸ்லிப் ஆகும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாஃப் கிளட்சில் (மிதியைப் பாதி அமுக்கியபடி) ஏறும்போது இந்தக் கோளாறு நன்றாகவே தெரியும்.

இனி மிதி போய் நிற்கும் அடி முனை. சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இன்ஜின் ஓட்டும் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்குங்கள். இரண்டையும் தூக்கினால் ஒன்றைச் சுற்றும்போது மற்றது எதிர்ப்பக்கம் சுற்றி ஏமாற்றும். வண்டியை ஜாக்கியில் விடாமல் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

இன்ஜினை அணைத்து முதல் கியர் போட்டு, ஒருவர் மிதியை மெதுவாக அமுக்க, இன்னொருவர் சக்கரத்தை விடாமல் சுற்றப் பார்க்கணும். பிடி விட்டுச் சக்கரம் சுற்றத் தொடங்கும் இடத்தை ஸ்கேலால் அளந்து குறியுங்கள். அதற்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் போல விட்டு மிதியின் ஸ்டாப் போல்ட்டை முட்ட வைத்து லாக் செய்யுங்கள். தட்டுகள் சூட்டில் விரியும்போது இடைவெளி சுருங்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் அதற்காகத்தான். கிளட்ச் கிட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

மிதி தரைக்கு வந்தும் சக்கரம் விடவில்லை என்றால் அட்ஜஸ்ட் பண்ணிப் பயனில்லை. சிலிண்டர் அளவு பொருந்தவில்லை, அல்லது நடுத்தட்டு வளைந்திருக்கிறது. கியர்பாக்ஸ் இறக்கியே ஆகணும். இறக்கும்போது கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மிதித்தால் டயஃப்ரம் விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்குக்கும் அந்த விரல்களுக்கும் உள்ள இடைவெளியையும் அப்போதே அளங்கள். ஹைட்ராலிக் பேரிங் கிட்டுகளில் பொதுவாக 2.5 முதல் 5 மி.மீ. வரை கேட்பார்கள். டிஸ்க் தேயத் தேய விரல்கள் பேரிங் பக்கம் நகரும். இங்கே இரண்டு டிஸ்க்கின் தேய்மானமும் சேர்ந்துகொள்வதால் அந்த இடைவெளி சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மிதித்திருக்கும்போது நடுத்தட்டு கடகடவென்று ஆடுவது இந்த வகைக் கிளட்சின் இயல்பு. அந்தச் சத்தத்துக்காக எதையும் திருக வேண்டாம்.