நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறீர்களா? ரொட்டி வேண்டாம், தண்ணீரில் இறங்கவும் வேண்டாம்

சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களில் பெடோக், கிராஞ்சி, மெக்ரிட்சி போன்ற பலவற்றில் தூண்டில் போடலாம். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் பலகை வைத்து ஒதுக்கிய பகுதிக்குள் மட்டும்தான். பலகையைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்றாலும் விதிமீறல்தான். 3,000 வெள்ளி வரை அபராதம் விழலாம்.

இடத்தைச் சரியாகப் பார்த்து நிற்பவர்கள்கூட இரையில் சிக்கிக்கொள்கிறார்கள். செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி: கரண்டி போன்ற உலோக ஸ்பூன், சிறுமீன் வடிவ மின்னோ, ரப்பர் புழு. மண்புழு, இறால், ரொட்டி, பிசைந்த மாவு எதுவும் கூடாது. "ரொட்டிக்கு உயிரா இருக்கிறது?" என்று வாதாடுவோர் உண்டு. இந்தத் தண்ணீர் குழாய்க்குப் போகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கரைந்த மாவு அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். அதிலிருந்து வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்குத் தீனி. பாசி பெருகினால் சுத்திகரிப்பு ஆலைக்கு வேலை கூடும். மிஞ்சிய உயிர் இரையைக் கிளம்பும்போது நீரில் கொட்டுவது இன்னும் மோசம். அயல் இனங்கள் உள்ளே நுழைய அதுவும் ஒரு வழி. இங்கே பலரும் ஆசையாகத் தேடிப் பிடிக்கும் பீகாக் பாஸே தென்னமெரிக்காவிலிருந்து வந்து நிலைத்த மீன்தான்.

தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இறங்குகிறார்கள், பெரும்பாலும் மூழ்கிய கிளையில் மாட்டிய லூரை, அதாவது செயற்கை இரையை, மீட்க. கற்சரிவில் படிந்த பாசி சோப்புப் போல வழுக்கும். சரிவு முடியும் இடத்தில் ஆழம் சட்டென்று கூடும். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கையும் பெருகியிருக்கிறது. சேற்றில் புதைந்து கிடக்கும். தெரியாமல் மிதித்தால் வாலிலுள்ள நச்சு முள் காலில் ஏறும்.

லூர் மாட்டினால் தூண்டில் நரம்பைத் தளர்த்தி, பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்தில் இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, தூண்டில் கழியை வளைத்து மல்லுக்கட்டாதீர்கள், உடைவது கழிதான். கழி முனையை லூர் இருக்கும் திசைக்கு நேராக நீட்டுங்கள். நரம்பை வெறுங்கையில் சுற்றினால் தோலை அறுத்துவிடும். துணி சுற்றிய குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். லூர் விடுபட்டுப் பாய்ந்து வந்தாலும் கண் தப்பும். நரம்பு எங்கே அறுந்துபோக வேண்டும் என்பதையும் முன்பே தீர்மானிக்கலாம். பிரதான நரம்பு 20 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு என்றால், லூரோடு இணையும் முனை நரம்பு 12 பவுண்டு தாங்கினால் போதும். லூரை ஒட்டியே அறும். முப்பது மீட்டர் நரம்பு நீரில் கிடந்து நீர்நாயின் கழுத்தில் சுற்றாது.

முதுகுக்குப் பின்னால் நடைபாதை இருந்தால் தலைக்கு மேல் வீசாதீர்கள். லூரிலுள்ள மும்முனைத் தூண்டில் முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள். முனைக்குக் கீழே எதிர்த்திசையில் துருத்தும் சிறு கூர்முனையைக் குறடால் அழுத்திவிடுங்கள். யார் தோலிலாவது முள் ஏறிவிட்டால் முதலில் நரம்பை வெட்டுங்கள். முள்ளைப் பிடுங்காமல், லூர் ஆடாதபடி ஒட்டிக் கட்டி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டிருந்தால் கையே வைக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.