பேனல் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி பைல் செய்யாதீங்க

போன வாரமும் அதே மாதிரி ஒரு போன். கேஎல்-ல ஒரு தனியார் காலேஜ், பேர் வேண்டாம், அவங்க ட்ரெயினிங் மெனேஜர் பேசுறாரு. "மேடம், எம்.கியூ.ஏ. பேனல் வர இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, பைல்ல நிறைய ஓட்டை, நீங்க வந்து உக்காந்து ரெண்டு வருஷத்து பைலையும் செட் பண்ணிக் குடுத்துடுங்க, காசு எவ்வளவுன்னாலும் பரவால்ல." நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். எம்.கியூ.ஏ.ன்னா காலேஜ் கோர்ஸுக்கு அங்கீகாரம் குடுக்குற மலேசியத் தகுதி முகமை, பேனல்னா அதுக்காக நேர்ல வந்து பாக்குற குழு. பட்டர்வொர்த்ல இருந்தும் இதே மாதிரி கேட்டாங்க, கிள்ளான்ல இருந்தும் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப் போச்சு, அதனால எல்லாத்தையும் இங்கயே எழுதிடுறேன்.

டிப்ளமா, டிகிரி நடத்துறவங்க எம்.கியூ.ஏ. கிட்ட போகணும், அது 2007-ம் வருஷத்து 679-வது சட்டம். எஸ்.கே.எம்.ங்கிற மலேசியத் திறன் சான்றிதழ் நடத்துற பயிற்சி நிலையங்க ஜே.பி.கே.ங்கிற திறன் மேம்பாட்டுத் துறை கிட்ட போகணும், அது 2006-ம் வருஷத்து 652-வது சட்டம். பாரம் வேற, பாக்க வர்ற ஆளுங்க வேற, ஆனா நம்ம ஆளுங்க பண்ற தப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்: பைல் புல்லா இருந்தா பாஸ்னு நெனைக்கிறாங்க.

இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இந்த ஒரு நெனப்புதான் எத்தனையோ நல்ல காலேஜக்கூட கவுத்து விடுது. பேனல்ல வந்து உக்கார்றவங்க யாரு? அவங்களே வேற யூனிவர்சிட்டில பாடம் எடுக்குறவங்க, கேள்வித்தாள் போடுறவங்க, மீட்டிங்ல உக்காந்து மினிட்ஸ்ல கையெழுத்து போடுறவங்க. உண்மையான மினிட்ஸ் எப்படி இருக்கும், ஒரே ராத்திரில டைப் பண்ணது எப்படி இருக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவங்க எல்லா பக்கத்தையும் படிக்க மாட்டாங்க, ஏதாவது ஒரு விஷயத்த புடிச்சுக்கிட்டு அது போற இடமெல்லாம் பின்னாலயே போவாங்க. மினிட்ஸ்ல "லேப் கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு மாணவர்கள் புகார், நடவடிக்கை எடுக்கப்படும்"னு இருந்தா, அடுத்த மீட்டிங் மினிட்ஸ்ல அது என்னாச்சுன்னு பாப்பாங்க, வாங்குன பில்ல கேப்பாங்க, லேபுக்கு நடந்து போய் மெஷின ஆன் பண்ணிப் பாப்பாங்க, மத்தியானம் மாணவர்கள தனியா உக்கார வச்சு "போன செமஸ்டர் என்ன குறை சொன்னீங்க, ஏதாவது மாறுச்சா"ன்னு கேப்பாங்க. நாலு எடத்துலயும் ஒரே கதை வரணும். நடந்த விஷயம்னா தானா வரும். மூணு வாரத்துல செஞ்ச பைல்ல வரவே வராது.

நான் கண்ணால பாத்தத சொல்றேன். தைப்பூசத்து அன்னைக்கு முழு கிளாஸும் வந்ததா வருகைப் பதிவுல கையெழுத்து இருக்கு, தைப்பூசம் கேஎல்லயும் லீவு, பினாங்குலயும் லீவு. ஜனவரி மீட்டிங்ல கலந்துக்கிட்டதா ஒரு லெக்சரர் கையெழுத்து போட்டிருக்காரு, அவரோட அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வேலைக்கு சேர்ந்த தேதி மார்ச். ஒரு எஸ்.கே.எம். நிலையத்துல ஒரே வெல்டிங் போட்டோ அஞ்சு பேரோட போர்ட்போலியோல இருக்கு, மூஞ்சி தெரியாத மாதிரி வெட்டி ஒட்டியிருக்காங்க. வெளியில இருந்து சரிபாக்க வந்த பி.பி.எல். அதிகாரி அதுல ஒண்ண எடுத்து, அந்த பையன கூப்பிட்டு, "தம்பி, இத நீதான் செஞ்சியா, இப்ப ஒரு தடவ செஞ்சு காட்டு"ன்னாரு. பையன் வேர்த்துப் போய் நிக்கிறான். அவன் மேல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க?

இன்னொண்ணு, ஒரு பொய் பேப்பர் மாட்டுச்சுன்னா மத்த பேப்பர் எல்லாத்து மேலயும் சந்தேகம் வந்துடும். உங்க லெக்சரர் ராத்திரி பகலா உக்காந்து திருத்துன உண்மையான விடைத்தாளுக்கும் சேர்த்துதான் மதிப்பு போகுது. பின்தேதி போட்டு கையெழுத்து வாங்குறத "அட்ஜஸ்ட்மென்ட்"னு சொல்லாதீங்க, அது போர்ஜரி. கையெழுத்து போடுற லெக்சரருக்கும் நாளைக்கு அதனால வம்பு.

சரி, நல்ல ரிசல்ட் வாங்குற காலேஜ் என்ன பண்ணுது? தன்னோட குறை என்னன்னு பேனலுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். சுயமதிப்பீட்டு அறிக்கைன்னு ஒண்ணு எழுதச் சொல்றாங்கல்ல, அத பெரும்பாலும் காலேஜ் விளம்பரம் மாதிரி எழுதி வைக்கிறாங்க. 30 பேர் சேர்ந்து 18 பேர்தான் முடிச்சாங்கன்னு வச்சுக்குங்க. "சொந்தக் காரணங்களால் விலகினர்"னு ஒரு வரி எழுதினா பேனல் அங்கயே நிப்பாட்டி தோண்டும். அதுக்கு பதிலா போன 12 பேருக்கும் போன் போட்டுக் கேளுங்க. ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாமாக் கடையில வேலை பாத்துட்டு காலையில எட்டு மணி கிளாஸுக்கு எந்திரிக்க முடியல, ஒருத்திக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடன் லேட்டா வந்து பீஸ் கட்ட முடியல, மூணு பேருக்கு முதல் செமஸ்டர் கணக்கே புரியல. இத எழுதுங்க, எழுதிட்டு கணக்குக்கு தனி கிளாஸ் வச்சோம், காலை கிளாஸ பத்து மணிக்கு மாத்துனோம், அடுத்த பேட்ச்ல எத்தன பேர் நின்னாங்கன்னு உண்மையான கணக்க போடுங்க. தொடர் தர மேம்பாடுன்னு அவங்க சொல்றது இதத்தான். இப்படி எழுதுன காலேஜ பேனல் மரியாதையா நடத்துறத நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன்.

கோர்ஸ மதிப்பிட எம்.கியூ.ஏ. வச்சிருக்குற கோப்பாங்கிற வழிகாட்டியோட ரெண்டாம் பதிப்புல பாக்குற பகுதிங்க ஏழு, முதல் பதிப்புல ஒன்பது இருந்துச்சு. நம்ம ஆளுங்க காசக் கொட்டுறது கட்டடத்துக்கும் லேபுக்கும். அடி வாங்குறது மதிப்பீட்டுலயும் கண்காணிப்புலயும். பாடத்தோட சி.எல்.ஓ.ல, அதாவது படிச்சு முடிச்சா மாணவருக்கு என்ன செய்யத் தெரியணும்னு எழுதுறதுல, "செய்து காட்டுவர்"னு இருக்கும், பரீட்சை முழுக்க ஏ, பி, சி, டி கேள்வி. அப்ப எங்க செஞ்சு காட்டுனான்? மாடரேஷன் பாரத்துல, அதாவது கேள்வித்தாளையும் மார்க்கையும் இன்னொருத்தர் சரிபாக்குற பாரத்துல, எல்லா பாடத்துக்கும் "சரி, சரி, சரி"ன்னு டிக் மட்டும் இருக்கும், ஒரு மார்க்கூட மாறியிருக்காது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல்னு கணக்கு இருக்கு, அந்த நேரக் கணக்கு டேபிள வேற காலேஜ்ல இருந்து அப்படியே எடுத்து போட்டு அடியில அந்த காலேஜ் பேரக்கூட அழிக்காம விட்டவங்க இருக்காங்க. மெனேஜர் ஒரு தடவ படிச்சிருந்தா போதும்.

சாமான் இரவல் வாங்காதீங்க. நோஸ்ல, அதாவது எஸ்.கே.எம். பயிற்சிக்கான தேசிய தொழில் திறன் தரத்துல, இத்தன ட்ரெயினிக்கு இந்த சாமான் இத்தனன்னு இருக்கு, அது இல்லன்னா ஆள் எடுக்குறத குறைங்க. ஆடிட்டுக்கு மொத நாள் லோரில வந்து எறங்குன மெஷினுக்கு மெயின்டனன்ஸ் ரெக்கார்டு இருக்காது, புள்ளைங்களுக்கு சுவிட்ச் எங்கன்னுகூட தெரியாது.

மாணவர்களுக்கு பதில் மனப்பாடம் பண்ணிக் குடுக்காதீங்க. வாய் அதிகம்னு சொல்லி சில பேர அன்னைக்கு லீவு போடச் சொல்லாதீங்க. வேலைய விட்டுப் போற லெக்சரர்கிட்ட கோர்ஸ் பைல கடைசி நாளுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. ஒவ்வொரு செமஸ்டரும் ஏதோ ஒரு மாணவர் பேர எடுத்து, சேர்ந்த பாரத்துல இருந்து கடைசி மார்க் வரைக்கும் நீங்களே பின்னாடி போய்ப் பாருங்க. மெனேஜர்தான் பாக்கணும், கிராணி இல்ல. சொல்லாம கொள்ளாம போய் கிளாஸ்ல பின்னாடி உக்காருங்க. கடைசி நாள் பேனல் வாய்மொழியா சொல்றப்ப குறுக்க பேசாதீங்க, எழுதிக்குங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். முக்கால்வாசி காலேஜ்ல தரப் பிரிவுன்னா டிகிரி முடிச்சு புதுசா வந்த ஒரு பொண்ணு, பின்னாடி ரூம்ல, ஒரு பிரிண்டரோட. லெக்சரர் பேப்பர் குடுக்க மாட்டாங்க, துறைத் தலைவர் போன எடுக்க மாட்டாரு, ஆடிட்ல ஏதாவது ஆனா எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க. அந்தப் பொண்ண மேனேஜ்மென்ட் மீட்டிங்ல உக்கார வைங்க, அவ "இது இல்ல சார்"னு சொன்னா அத கேளுங்க. அழுதுகிட்டே போன் பண்ற இந்த மாதிரி புள்ளைங்க எனக்கு நிறைய பேரத் தெரியும்.

புல் அக்ரெடிடேஷனுக்கு, அதாவது முழு அங்கீகாரத்துக்கு, பேனல் வர்றது முதல் பேட்ச் கடைசி வருஷத்துல இருக்கும்போது. நிபந்தனை இல்லாம குடுக்கலாம், நிபந்தனையோட குடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தா மாட்டிக்கிறது காப்பார்லயும் நிபோங் திபால்லயும் நகைய அடகு வச்சு பீஸ் கட்டுன அப்பா அம்மாவோட புள்ளைங்க. மூணு வாரம்தான் இருக்குன்னு போன் பண்றவங்ககிட்ட நான் கத்துறது இதுக்குத்தான்.

இப்ப உண்மையிலேயே மூணு வாரம்தான் இருக்குன்னா, இன்னைக்கே லெக்சரர்ங்கள கூப்பிட்டு உக்கார வச்சு எது இருக்கு எது இல்லன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. இல்லாத பேப்பர செய்யாதீங்க. ஏன் இல்ல, எந்தத் தேதியில இருந்து ஒழுங்கா செய்ய ஆரம்பிச்சோம், யார் பொறுப்புன்னு பக்கத்துல எழுதி, பிரின்சிபல் அன்னைக்கு தேதியிலயே கையெழுத்து போட்டு, பேனல் வந்த முதல் நாள் காலையில அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துக் குடுங்க. அந்த லிஸ்ட் போட உதவி வேணும்னா கூப்பிடுங்க, வர்றேன்.