கூட்டத்தில் கதைத்தது கணக்கில் வராது

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம். தோட்டக் காணிகளைக் குடியிருப்பு வலயமாக மாற்றுவது பற்றிய கூட்டம். வெங்காயம் செய்கிற ஒருவர் எழும்பி, "மலக்குழியும் கிணறும் பக்கத்தில பக்கத்தில வந்தா எந்தத் தண்ணியக் குடிக்கிறது?" என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு அம்மா, "மகளுக்குச் சீதனம் குடுத்த ரெண்டு பரப்பில வீடு கட்ட விடமாட்டியளோ?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். வாசலில் வைத்திருந்த தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வந்த அறிக்கையில் இருந்தது ஒரே வரி: மக்களுடன் கலந்துரையாடப்பட்டது. அதற்குச் சாட்சி, அந்தக் கையெழுத்துத் தாள். அதனால்தான் சொல்கிறேன், கருத்தை எழுத்தில் கொடுங்கள்.

சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் ஊரையும் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யலாம். 'நகர' என்ற சொல்லைப் பார்த்து, நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிரகடனம் வந்த பிறகு வீடு கட்டவும் காணி பிரிக்கவும் அனுமதி வேண்டும். வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். எத்தனை நாள் என்பது அறிவித்தலிலேயே இருக்கும்.

அந்த நாள்தான் முக்கியம். 2025 மார்ச் 28 இல் வடக்கில் 5,940 ஏக்கர் பற்றி வந்த வர்த்தமானி, உரிமை கோர மூன்று மாதம்தான் கொடுத்தது. அது வேறு சட்டம், எதிர்ப்புக்குப் பிறகு மீளப்பெறப்பட்டும் விட்டது. ஆனால் அப்படி ஒன்று வந்ததே பலருக்கு வாரக்கணக்கில் தெரியாது.

சரி, அந்த வரைவுத் திட்டத்தின் வரைபடத்தை எங்கே பார்ப்பது? விதானையாரிடம் கேட்டால் பிரதேச சபை என்பார். அங்கே போனால் பிரதேச செயலகம், அங்கிருந்து கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். கச்சேரியில் "உரிய ஆள் கொழும்புக்குப் போயிட்டார்." அறிவித்தலில் எந்த இடம் போட்டிருக்கிறதோ அங்கேயே நேரே போங்கள், அறிவித்தலின் பிரதியையும் கையில் வைத்திருங்கள். வரைபடத்தில் நிறம்தான் தெரியும், உங்கள் வேலி தெரியாது. நில அளவைப் படத்தைக் கொண்டுபோய், "என்ர காணி இதில எது?" என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுங்கள்.

அடுத்து, "காணி உறுதி உங்கட பெயரிலயோ?" என்ற கேள்வி வரும். இதில்தான் அதிகம் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். உறுதி பூட்டனின் பெயரில், பங்காளிகள் கனடாவிலும் லண்டனிலும். அவர்கள் தங்களுக்காக நீங்கள் கையெழுத்துப் போட அற்றோனித் தத்துவம் அனுப்பும்வரை காத்திருந்தால் நாள் போய்விடும். கருத்துக் கேட்பது பொதுமக்களிடம், உறுதிக்காரரிடம் மட்டும் இல்லை. குத்தகைக்குச் செய்பவரும் எழுதலாம். சபைக்குக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டோ மின்சாரப் பட்டியலோ இருந்தால் பிரதி எடுத்து இணையுங்கள், அது போதும்.

வயல்காரருக்கு இன்னொரு பொறி. வரைபடத்தில் குடியிருப்பு என்று நிறம் தீட்டினாலும், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. "வலயம் மாறப்போகுது, இப்ப வாங்கினா லாபம்" என்று தரகர் சொல்வதை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

ஊர் முழுவதற்கும் ஒரே மகஜர் எழுதுவது நம் வழக்கம். அது கோப்பில் ஒரு கடிதமாகக் கிடக்கும். அதையும் கொடுங்கள், ஆனால் வீட்டுக்கு ஒரு கடிதமும் போகட்டும். காணியின் பெயர், துண்டு இலக்கம், எத்தனை பரப்பு, என்ன பயிர், கிணறு எங்கே, எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதுங்கள். அரசியல் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ்தான், "இங்கிலீசில தாங்கோ" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கையில் கொடுப்பதானால் பிரதியில் திகதியுடன் முத்திரை குத்தி வாங்காமல் படியிறங்காதீர்கள்.

வரைபடம் காட்ட மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, போயா போக ஏறக்குறைய மூன்று வாரம். ஆகவே அலைந்து களைத்த பிறகு இல்லை, முதல் தடவை "இங்கே இல்லை" என்று சொன்ன அன்றைக்கே விண்ணப்பத்தைக் கொடுங்கள்.