இயல்புக் கொல்லி அணு

நோயெதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளையணுக்களில் ஒரு வகை இது. ஆய்வகத்தில் ‘என்.கே. செல்’, விரித்தால் ‘நேச்சுரல் கில்லர் செல்’. தமிழில் பெரும்பாலும் ‘இயற்கைக் கொல்லி உயிரணு’ என்று எழுதுகிறார்கள். ‘கொல்லி’யில் குறையில்லை, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போல ‘கொல்’ என்னும் வேரோடு வினைசெய்வதைக் குறிக்கும் இகரம் சேர்ந்த சொல். இடறுவது ‘இயற்கை’தான். இயற்கை உணவு, இயற்கை மருத்துவம் என்றே கேட்டுப் பழகியவருக்கு இது கீரை தின்றால் பெருகும் அணு போலப் படும். அந்த மயக்கத்தை வைத்து மாத்திரை விற்பவர்களும் உண்டு.

1975இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங், ஈவா கிளைன், விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ஹெர்பர்மன் குழுவினரும் இதைத் தனித்தனியே விவரித்தனர். புற்றணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, எலியின் மண்ணீரல் அணுக்களோடு கலப்பார்கள். புற்றணு செத்தால் குரோமியம் வெளியே கசியும். அந்தப் புற்றை முன்பின் சந்தித்திராத எலியின் அணுக்களும் கொன்றன. முதலில் அதைச் சோதனைப் பிசகு என்றே ஒதுக்கினார்கள். ஆக, தமிழில் ‘இயற்கை’யாக மாறியிருக்கும் ‘நேச்சுரல்’ என்ற சொல்லின் பொருள் இங்கே ‘முன்பழக்கம் இல்லாமலே’ என்பது. அதற்கு ‘இயல்பு’ பொருந்துகிறது.

‘அணு’வுக்குப் பதில் செல் என்றாலும், இலங்கைப் பாடநூல் வழக்கில் கலம் என்றாலும் தவறில்லை.

‘கொல்லி’ என்றதும் கண்டதையெல்லாம் கொல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. நலமான அணுவின் மேல், ‘இது நம் உடம்பின் அணு’ என்று காட்டும் எச்.எல்.ஏ. முதல்வகைப் புரதம் இருக்கும். கொல்லியின் தடை ஏற்பி அதைத் தொட்டால் அடங்கிவிடும். அதே புரதத்தைப் பார்த்து வேட்டையாடும் இன்னொரு வகை வெள்ளையணுக்களான டி அணுக்களுக்குத் தப்பப் புற்றணு இந்தப் புரதத்தை மறைக்கும்போது இங்கே மாட்டிக்கொள்கிறது. கிளாஸ் காரே 1986இல் சோதனையில் காட்டிய ‘தன்னடையாள இழப்பு’ இதுதான். அடையாளம் இல்லாதது மட்டும் போதாது. சிவப்பணுவிலும் அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லை, ஆனாலும் தப்புகிறது. நெருக்கடியில் உள்ள அணு காட்டும் எம்.ஐ.சி.ஏ. புரதம் போன்ற குறி எதிரே தெரிந்து, கொல்லியின் என்.கே.ஜி.2டி போன்ற தூண்டும் ஏற்பி அதைப் பிடிக்க வேண்டும். அப்போது கொல்லி புற்றணுவோடு ஒட்டி, இடைவெளியில் துகள்களைக் கொட்டும். அவற்றிலுள்ள பெர்ஃபோரின் என்ற புரதம் படலத்தைத் துளைக்க, கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய் அணுவைத் தானாகச் சாகவைக்கும்.

புற்றும் சும்மா இருப்பதில்லை. எம்.ஐ.சி.ஏ.வை உதிர்த்து ரத்தத்தில் மிதக்கவிட்டு ஏற்பியை ஏமாற்றும், டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற அடக்கும் புரதத்தைச் சுரந்து கொல்லியை மந்தமாக்கும். திடக்கட்டிக்குள் கொல்லிகள் நுழைவதே குறைவு. அதனால் சிகிச்சையில் நல்ல விளைவுகள் பெரும்பாலும் ரத்தப் புற்றிலிருந்தே வருகின்றன. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையம், தொப்புள்கொடி ரத்தக் கொல்லிகளில், புற்றணுவை அடையாளம் காணச் செயற்கையாக வடிவமைத்த ‘கார்’ (சி.ஏ.ஆர்.) ஏற்பியைப் பொருத்தி 11 பேருக்குச் செலுத்தியது. 8 பேருக்குப் பலன் தெரிந்தது, அவர்களில் 7 பேருக்கு நோய்த்தடயமே இல்லை என்று 2020இல் அறிவித்தது.

ரத்த அறிக்கையில், நிணவணுக்களில் (லிம்போசைட்) கொல்லிகள் 5 முதல் 15 விழுக்காடு என்று வருவது தலைக்கணக்குதான், கொல்லும் திறனன்று. திறனைப் பார்க்க, எச்.எல்.ஏ. இல்லாத கே562 என்ற ஆய்வக ரத்தப் புற்றணுக்களோடு சுமார் 4 மணிநேரம் கலந்துவைப்பார்கள். மாதிரி பழசானாலோ குளிர்பெட்டியில் கிடந்தாலோ, நல்ல கொல்லியும் சோம்பேறியாகத்தான் தெரியும்.