கிரேட்: தமிழில் என்ன சொல்வது?

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கு ‘கிரேட்’ (grade) என்ற இந்தச் சொல் பரீட்சையால் மட்டும் வந்ததல்ல. புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குமிழி, கறை, பூஞ்சை கண்டு, 1 முதல் 5 வரை கிரேட் பிரிப்பார்கள், 1 உயர்ந்தது. ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்விலும் அதே போக்குதான்: 2008 வரை 1ஏ உச்சி, 9ஜி அடி. 2009இல் எண்கள் போயின. இப்போது ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, இ, ஜி எனப் பத்து. சி வரை கிரெடிட்; டி, இ வெறும் தேர்ச்சி; ஜி தோல்வி.

லத்தீனில் ‘கிராடுஸ்’ என்றால் காலடி, படி. ஆங்கிலம் வழியாக மலாயில் ‘கிரெட்’ ஆயிற்று.

தமிழில் முதலில் நினைவுக்கு வருவது ‘தரம்’. சோழர் காலத்திலேயே நிலத்தைத் தரம் பிரித்து வரி போட்டார்கள். தரம் பிரிக்காத நிலம் ‘தரமிலி’. பொருத்தமான சொல்தான், ஆனால் இலங்கையில் ‘தரம் 10’ என்றால் பத்தாம் வகுப்பு. ‘தேர்ச்சி நிலை’ என்றால் ஜியில் இடிக்கும்: தோற்றவனுக்கு ஏது தேர்ச்சி? ‘அடைவுநிலை’யோ வகுப்பறை மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான நிலைகளுக்குப் போய்விட்டது, அங்கே 6தான் உயர்ந்தது. மிஞ்சுவது ‘தரநிலை’. அதையே எழுதலாம். பேச்சில் கிரேட் இருந்துவிட்டுப் போகட்டும்.

புள்ளி வேறு, தரநிலை வேறு. பள்ளித் தேர்வில் பொதுவாக 90க்கு மேல் ஏ பிளஸ், 40க்குக் கீழே ஜி. அந்த அட்டவணையை வைத்து எஸ்.பி.எம். முடிவைக் கணித்தால் தவறும். அங்கே எல்லைப் புள்ளிகளைத் தேர்வு வாரியம் தனியே வகுக்கிறது.

பெரிய குழப்பம் சராசரித் தரநிலையில். ஏ பிளஸ் 0, ஏ 1, ஏ மைனஸ் 2 என்று ஏறி, பி 4, சி பிளஸ் 5, ஜி 9 ஆகும். ஒன்பது பாடத்தில் 2 ஏ, 3 பி, 4 சி பிளஸ் என்றால் 2 + 12 + 20 = 34; ஒன்பதால் வகுத்தால் 3.78. எண் குறைந்தால்தான் நல்லது. தேசியச் சராசரி 2023 தேர்வில் 4.60, 2024இல் 4.49. இதைச் ‘சரிவு’ என்று தலைப்பிட்டால் செய்தி தலைகீழாகிவிடும். ‘மேம்பாடு’ என்று எழுத வேண்டும்.

சான்றிதழுக்கு மலாய், வரலாறு இரண்டிலும் குறைந்தது இ வேண்டும். ஒன்றில் ஜி வந்தால், மற்றவற்றில் எத்தனை ஏ இருந்தாலும் சான்றிதழ் இல்லை.