டேப்: மரத்தைத் தட்டுவதா, வெட்டுவதா?

‘டேப்’ (tap) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருள் ‘தட்டு’. கதவைத் தட்டு, தோளைத் தட்டு, கைப்பேசித் திரையைத் தட்டு. சரி, அதுவரை குறை இல்லை. அதையே எடுத்து ‘ரப்பர் தட்டும் தொழிலாளி’ என்று எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அங்கே மரத்தை யாரும் தட்டியதில்லை. “பால் வெட்டப் போனோம்” என்றுதான் சொல்வார்கள். (ஒட்டுகிற டேப்பும் தையல்காரரின் டேப்பும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இவை ஒன்றுபோலத் தெரியும். இந்த விளக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.)

ஆங்கிலத்திலேயே இது ஒரு சொல் இல்லை. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகிப்போன இரண்டு தனித்தனிச் சொற்கள். மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் டேப், பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது; தட்டும் ஓசையைப் போலச் செய்து பிறந்த ஒலிக்குறிப்புச் சொல். நம் ‘தட்டு’, ‘தட்டென்று’ ஆகியவற்றிலும் அதே ஓசை கேட்கிறது. மற்ற டேப் பழைய ஆங்கிலச் சொல். மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்கு ‘டேப்பா’ என்று பெயர். முளையைப் பிடுங்கினால் மது ஒழுகும், செருகினால் நிற்கும். பீப்பாய்க்கு அப்படி ஒரு வாய் வைத்து உள்ளே இருப்பதை வடித்தெடுப்பதே இந்த வினையின் முதற்பொருள். தண்ணீர்க் குழாயின் திருகுக்கும் டேப் என்ற பெயர் வந்தது இந்த வழியில்தான்.

இந்த முளையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் தானாகப் புரியும். வயிற்றில் கோத்த நீரை மருத்துவர் ஊசி வைத்து எடுத்தால் அதுவும் டேப். தமிழில் ‘நீர் எடுத்தல்’ போதும். 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரியின் தந்திக் கம்பியில் இணைப்புக் கொடுத்துச் செய்தியை உருவினார்கள்; பிறகு தொலைபேசிக்கும் அதே வினை வந்தது. தமிழில் அதற்கு ‘ஒட்டுக்கேட்டல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. திறமையையோ சந்தையையோ டேப் செய்வதென்றால் ‘பயன்படுத்திக்கொள்ளுதல்’. டோல் சாவடியில் ‘டச் அண்ட் கோ’ கட்டண அட்டையை வைப்பது மட்டும் முதலில் சொன்ன, தட்டுகிற டேப்பின் குடும்பம். அங்கே ‘தட்டு’ பொருந்தும்.

இனி மரத்துக்கு வருவோம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வழிவந்தவை அவை. ஆனால் அமேசான் காட்டில் அன்று பால் எடுத்த முறை முரடானது. சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள்; மரமெல்லாம் புண்ணாகும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வேறு வழி கண்டார். ஒருமுறை போட்ட வெட்டின் விளிம்பிலேயே அடுத்த முறை மெல்லிய பட்டையைச் சீவினால் போதும். பால் மறுபடி வரும், மரமும் பிழைக்கும். மலாயாவில் ரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இந்தச் சீவலும் முக்கியமான காரணம்.

பால் ஓடும் நுண்குழல்கள் பட்டையில் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் கூடுதலாகக் குறுக்கே அறுக்க, வெட்டு இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரிந்து இறங்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலத்தில் உளி படக்கூடாது. பட்டால் ‘காயம்’. புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டுச் சீவ வேண்டும். அதுவும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறினால் மரத்தின் உள் அழுத்தம் குறைந்து பால் வரத்துச் சுருங்கும். பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) கலைந்ததும் அவரவர் நிரைக்கு (மர வரிசைக்கு) ஓடிய அம்மாக்களும் அப்பாக்களும் இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அதைத் ‘தட்டுதல்’ என்று எழுதினால் அந்தக் கைத்திறன் முழுக்க மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்படியானால் சரியான சொல் எது? தமிழ்நாட்டில், குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில், ‘பால் வடித்தல்’ என்கிறார்கள். பீப்பாயிலிருந்து வடிப்பது என்ற ஆங்கில மூலத்துக்கு நெருக்கமான சொல் அது. கையின் அசைவைத் துல்லியமாகச் சொல்வது ‘சீவுதல்’. தென்னையிலும் பனையிலும் பாளை சீவுகிறோமே, அதே வேலை. அந்தத் தொழிலையும் ஆங்கிலம் டேப் என்ற ஒரே வினையில் அடக்கிவிடும். நாம் பாளையைச் சீவுகிறோம், கள்ளை இறக்குகிறோம். செயலுக்கு ஒரு வினை, விளைவுக்கு ஒரு வினை.

மலேசியத் தோட்டங்கள் தேர்ந்தெடுத்தது ‘வெட்டு’. இது முரட்டுச் சொல், மரத்தைச் சாய்ப்பதுபோல் இருக்கிறது என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. தமிழில் வெட்டு என்றால் துண்டாக்குவது மட்டுமா? கிணறு வெட்டுகிறோம், குளம் வெட்டுகிறோம், வாய்க்கால் வெட்டுகிறோம். நீர் வருவதற்கும் ஓடுவதற்கும் வழி செய்வதும் வெட்டுதான். பட்டையில் சரிவாக ஒரு தடம் போட்டு, அதன் வழியே பாலை மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) இறக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை வேறென்ன? மலாய்க்காரர்கள் ‘மெனோரே கெத்தா’ என்பார்கள். ‘தோரே’ என்றால் கீறுவது. சீனர்களும் அறுப்பதைக் குறிக்கும் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் கண் ஒழுகும் பாலின் மேல் இருக்க, நம் மூன்று மொழிகளும் உளி பிடித்த கையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன.

ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபின் ‘வெட்டு’ என்றாலே குலை வெட்டு என்று எண்ணும் தலைமுறை வளர்ந்துவிட்டது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு மங்கு, நிரை, ஒட்டுப்பால் (வெட்டில் ஒட்டி உலர்ந்த பால்), கட்டிப்பால் (மங்கில் உறைந்த பால்) எல்லாமே விளக்கம் தேவைப்படும் சொற்கள். அதனால் எழுத்தில் ‘வெட்டு’ என்று தனியே விடாமல், பாலைச் சேர்த்தே எழுதுவது நல்லது. தொழிலுக்குப் பால்வெட்டு, செய்பவருக்குப் பால்வெட்டுத் தொழிலாளர். மரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பால்மரம் வெட்டினார்’ என்பது தோட்டத்து வழக்கு. வெளியூர் வாசகருக்கு மரத்தையே சாய்த்ததாகப் படக்கூடும். அங்கே ‘பால்மரம் சீவினார்’ என்று எழுதலாம். அறிவியல் பாடத்துக்கு ‘பால் வடித்தல்’ பொருந்தும்.