அரசை ஆயாவாக்கிய சொல்

1965 டிசம்பர் 3 தேதியிட்ட ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில், கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. இயன் மெக்லியோட் தம் பத்தியில் ‘நேனி ஸ்டேட்’ என்று எழுதினார். நேனி என்றால் வசதியான வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. சாலைகளில் மணிக்கு 70 மைல் என்று அரசு கொண்டுவரவிருந்த வேக வரம்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சொல் இன்றுவரை ஓயவில்லை.

‘போலீஸ் ராஜ்ஜியம்’ என்பதும் அத்துமீறும் அரசைத்தான் குறிக்கிறது. ஆனால் அங்கே அரசு நம்மை மிரட்டுகிறது. ஆயா அரசோ நல்லது செய்யவே வருகிறது. நம் நல்லது நமக்குத் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டு வருகிறது. சொல்லின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அரசை ஆயா என்றதுமே குடிமக்கள் குழந்தைகளாகிவிடுகிறார்கள். வளர்ந்த மனிதர் யார் அதைப் பொறுப்பார்? சட்டத்தை ஒரு வரி படிப்பதற்குள் எதிர்ப்பு பிறந்துவிடுகிறது.

கோபத்தை ஒதுக்கிவிட்டு எடைபோட ஓர் அளவுகோல் உண்டு. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1859-இல் எழுதினார் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் காட்டும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆபத்தானது என உறுதியாகத் தெரிந்த பாலத்தில் ஒருவர் கால் வைக்கப்போகிறார், எச்சரிக்க நேரமில்லை. பிடித்து இழுக்கலாம், ஏனென்றால் ஆற்றில் விழ அவர் விரும்பவில்லை. ஆனால் விபத்து நிச்சயமில்லை, வெறும் அபாயம்தான் என்றால்? எடுத்துச் சொல்லலாம், போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

இதன்படி பார்த்தால் வேக வரம்புக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை. வேகமாகப் போகிறவர் மற்றவரையும் இடித்துக் கொல்வார். 1983-இல் பிரிட்டனில் முன் இருக்கைகளுக்குக் கட்டாயமான சீட் பெல்ட்டுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே காக்கப்படுவது பெரும்பாலும் அணிபவரின் உயிர். 2018-இல் வந்த சர்க்கரைப் பான வரி இன்னும் சிக்கலானது. அது யாரையும் குடிக்காதே என்று தடுக்கவில்லை. வரிக்குப் பயந்து பல நிறுவனங்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவருக்கு உத்தரவு எதுவும் வரவில்லை, பானம்தான் மாறிப்போனது. இதை அந்த ஒரே பெயரில் அடைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

மெக்லியோட் 1954-இல் சுகாதார அமைச்சராக இருந்தார். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை அரசின் சார்பில் அறிவித்தவர் அவர்தான். அந்தச் செய்தியாளர் கூட்டத்தில் அவர் கையிலும் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.